*நெபொ: வானத்தைக் குறித்த ஒரு தொல் ஸ்லாவியச் சொல்லின் தோற்றமும் வேற்றுமைத் திரிபும்

ரஷ்யம், உக்ரேனியம், சுலோவாக்கியம், சுலோவேனியம், செர்பியம், குரோவாசியம், மாசிடோனியம் ஆகிய மொழிகளில் வானத்தைக் குறிக்கும் சொல் ‘நெபொ’ என்றே எழுதப்படுகிறது. போலந்து மொழியில் அது ‘நியெபொ’ என்றும், செக், பல்கேரிய மொழிகளில் ‘நெபெ’ என்றும் வழங்குகிறது. இத்தனை மொழிகளிலும் ஏறத்தாழ ஒரே வடிவில் நிற்கும் இச்சொல், பன்மையாகும்போது எதிர்பாராத ஓர் அசையை இடையில் கொண்டுவருகிறது. ரஷ்யத்தில் ‘கிராமம்’ என்று பொருள்படும் ‘ஸெலொ’வின் பன்மை ‘ஸ்யோலா’ என்றிருக்க, ‘நெபொ’வின் பன்மை ‘நெபா’ என்று ஆகாமல் ‘நெபெஸா’ என்று ஆகிறது. ஒருமையில் காணப்படாத இந்த ‘எஸ்’ எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்கு விடை காணப் புகுந்தால், ஸ்லாவிய மொழிகள் தனித்தனியாகப் பிரிவதற்கு முன்னிருந்த ஒரு நிலைக்கும், அதையும் தாண்டிக் கிரேக்கமும் சமஸ்கிருதமும் ஹிட்டைட்டும் பிறந்த மூலத்துக்கும் செல்ல நேரிடுகிறது. ஒரு சொல்லின் பழைய வரலாறு அதன் அகராதி வடிவத்தைவிட அது உருபேற்கும் முறையில்தான் மிகுதியாகத் தங்கியிருக்கும் என்பதையும், விதிக்கு மாறானதாகத் தோன்றும் வடிவமே பெரும்பாலும் பழைய விதியின் எச்சம் என்பதையும் இச்சொல்லைக்கொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உடுக்குறி குறிப்பது என்ன?

தொல் ஸ்லாவியம் என்பது எழுதப்பட்ட மொழி அன்று. ஏறத்தாழப் பொது ஆண்டு முதல் ஆயிரத்தின் இடைப்பகுதியில் கிழக்கு, நடு ஐரோப்பியப் பகுதிகளில் பேசப்பட்டு, பின்னர் கிழக்கு, மேற்கு, தெற்கு என மூன்று கிளைகளாகப் பிரிந்த மொழிக்கு இன்றைய ஆய்வாளர்கள் இட்ட பெயரே அது. அதற்கு மிக நெருங்கிய எழுத்துச் சான்று பழைய திருச்சபை ஸ்லாவியம் ஆகும். தெசலோனிக்கியில் பிறந்த சிரில், மெத்தோடியஸ் என்னும் உடன்பிறந்தார் இருவரும் 863இல் மொராவியாவுக்குச் சமயப் பணிக்காகச் சென்றதையொட்டிக் கிரேக்க நூல்களை மொழிபெயர்க்க உருவாக்கிய எழுத்துமொழி அது. நமக்குக் கிடைத்துள்ள முதன்மையான படிகள் 10, 11ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. எனவே தொல் ஸ்லாவியச் சொல் ஒன்றை அறிய வேண்டுமானால், இந்தப் படிகளையும் வாழும் ஸ்லாவிய மொழிகளையும் அடுத்தடுத்து வைத்து, அவற்றின் ஒலி மாற்றங்களைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, எல்லாவற்றுக்கும் மூலமாக நிற்கத்தக்க வடிவத்தைத் தருவிக்க வேண்டும். இம்முறைக்கு மீட்டுருவாக்கம் என்று பெயர். இவ்வாறு பெறப்பட்ட வடிவத்துக்கு முன்னால் இடப்படும் உடுக்குறி, அவ்வடிவம் எந்த ஏட்டிலும் நேரில் காணப்படவில்லை, ஒப்பீட்டால் பெறப்பட்டது என்பதை அறிவிக்கிறது. இவ்வழக்கத்தை 19ஆம் நூற்றாண்டில் நிலைபெறச் செய்தவர் ஜெர்மானிய அறிஞர் ஆகஸ்ட் ஷ்லைகர் (1821–1868).

எழுத்துமுறை பற்றிய குறிப்பு ஒன்று இங்கே தேவைப்படுகிறது. கீழ்வரும் ஸ்லாவிய வடிவங்களில் பகரத்தை ‘கம்பு’ என்பதிலுள்ள பகரம்போல ஒலிப்புடன் படிக்க வேண்டும். தொல் ஸ்லாவியத்தில் குறுகிய இகரம், குறுகிய உகரம் என்னும் இரண்டு உயிர்கள் இருந்தன. முந்தைய குற்றிகரமும் குற்றுகரமும் தேய்ந்து பிறந்த இவை, தமிழ் இலக்கணத்தார் கூறும் குற்றியலிகரத்தையும் குற்றியலுகரத்தையும் போல அரைகுறையாக ஒலித்து, பிற்காலத்தில் பல இடங்களில் முற்றிலும் மறைந்தன. அவற்றை இங்கே வெறும் இகரமாகவும் உகரமாகவும் எழுதி, வேண்டிய இடத்தில் விளக்கம் தரப்படுகிறது.

இனச்சொற்கள் காட்டும் மூலம்

*நெபொ என்பதற்கு இந்தோ-ஐரோப்பியக் குடும்பம் முழுவதும் உறவுகள் உண்டு. சமஸ்கிருதத்தில் ‘நபஸ்’, அவெஸ்தாவில் ‘நபஹ்’, கிரேக்கத்தில் ‘நெஃபொஸ்’, ஹிட்டைட்டில் ‘நேபிஸ்’ என்பன நேரடியான இனச்சொற்கள். இலத்தீனின் ‘நெபுலா’, ஜெர்மனின் ‘நேபெல்’ ஆகிய இரண்டும் அதே வேரின்மேல் லகர ஈறு சேர்ந்து பிறந்தவை. முன்னது மூடுபனியையும் முகிலையும், பின்னது மூடுபனியையும் குறிக்கும். வடமொழி வழியாகத் தமிழ் நிகண்டுகளில் இடம்பெற்ற ‘நபம்’ என்பதும், இலத்தீனிலிருந்து வானியல் வழியாகத் தமிழ் வாசகர் அறிந்த ‘நெபுலா’ என்பதும் இவ்வாறு ஒரே வேரில் சென்று சேர்கின்றன.

இவற்றையெல்லாம் ஈன்ற தொல் இந்தோ-ஐரோப்பியச் சொல் *நெப்ஹொஸ் என்று மீட்டுருவாக்கப்படுகிறது. ‘ப்ஹ்’ என்று இங்கே எழுதப்படுவது மூச்சொலியோடு கூடிய, ஒலிப்புடைய பகரம். சமஸ்கிருதம் அதை அவ்வாறே காத்தது. கிரேக்கம் ஒலிப்பை இழந்து மூச்சொலியை மட்டும் வைத்துக்கொண்டது. ஸ்லாவியமும் பால்டிக் மொழிகளும் மூச்சொலியை இழந்து ஒலிப்பை வைத்துக்கொண்டன. முதலசையின் எகரத்தைக் கிரேக்கமும் ஸ்லாவியமும் அப்படியே காக்க, சமஸ்கிருதத்தில் அது அகரமாயிற்று. இவை எல்லாச் சொற்களிலும் ஒழுங்காக நிகழ்ந்த மாற்றங்கள் ஆதலால், இச்சொற்களின் உறவு வெறும் ஒலி ஒப்புமையால் கூறப்படுவது அன்று, விதிகளால் நிறுவப்படுவது.

மூலச்சொல்லின் அமைப்பில் கவனிக்கத்தக்க பகுதி அதன் ஈறு. *நெப்ஹ்- என்னும் வேருடன் *-ஒஸ் என்னும் பெயராக்க ஈறு சேர்ந்து எழுவாய் அமைந்தது. உருபேற்கும் மற்ற வேற்றுமைகளில் அதே ஈறு *-எஸ்- என்று உயிர் மாறி நின்றது. இவ்வாறு இலக்கண நிலைக்கேற்ப உயிர் மாறுவதை உயிர்மாற்று என்பர். இவ்வகைப் பெயர்களுக்கு ஸகர ஈற்றுப் பெயர்கள் என்று பெயர். அவை பெரும்பாலும் அஃறிணைப் பால் எனத்தக்க மூன்றாம் பாலைச் சேர்ந்தவை.

இந்த ஈற்றின் வரலாற்றில்தான் ஸ்லாவியத்தின் தனிச்சிறப்பு வெளிப்படுகிறது. சமஸ்கிருதம் ஸகரத்தை நன்கு காத்து, ஆறாம் வேற்றுமையில் ‘நபஸஸ்’ என்று ஆள்கிறது. ஆனால் அங்கே எகரமும் ஒகரமும் அகரமாகக் கலந்துவிட்டமையால் உயிர்மாற்று முற்றிலும் மறைந்துவிட்டது. கிரேக்கம் ‘நெஃபொஸ்’, ‘நெஃபெஒஸ்’ என்று உயிர்மாற்றைத் தெளிவாகக் காட்டுகிறது. ஆனால் இரண்டு உயிர்களுக்கு நடுவே நின்ற ஸகரம் அங்கே விழுந்துவிட்டது. இலத்தீனில் ‘இனம்’ என்று பொருள்படும் இதே வகைச் சொல்லான ‘கெனுஸ்’, ‘கெனெரிஸ்’ என்று உருபேற்கும்போது உயிருக்கு நடுவிலுள்ள ஸகரம் ரகரமாகிறது. ஸ்லாவியமோ *நெபொ, *நெபெஸெ என்று ஒகர எகர மாற்றையும் இடைநின்ற ஸகரத்தையும் ஒருசேரக் காத்திருக்கிறது. வேத காலத்துக்கும் ஹோமர் காலத்துக்கும் நெடுநாள் கழித்து எழுத்துக்கு வந்த ஒரு மொழி, இந்த ஓர் இடத்தில் அவ்விரண்டையும்விட மூலத்தை முழுமையாகக் காட்டுகிறது என்பது, மொழியின் பழைமையை எழுத்தின் பழைமையால் மட்டும் அளக்கக் கூடாது என்பதற்குத் தக்க சான்று.

இச்சொல்லை ‘இல்லை’ எனப் பொருள்படும் ‘நெ’ என்பதும் ‘பேய்’ எனப் பொருள்படும் ‘பெஸ்’ என்பதும் சேர்ந்தது எனப் பிரித்து, ‘பேயில்லாத இடம்’ என்று பொருள் காண ரஷ்யம் பேசுவோர்க்குத் தோன்றலாம். ஆனால் பேயைக் குறிக்கும் சொல்லின் தொல் ஸ்லாவிய வடிவம் *பேஸு என நெடில் கொண்டது. *நெபெஸ்- என்பதிலுள்ளது குறில். ரஷ்யத்தில் ஒன்றாகக் கலந்துவிட்ட இவ்விரண்டு உயிர்களும் உக்ரேனியத்தில் இன்றும் வேறுபட்டு நிற்கின்றன: அங்கே பேய் ‘பிஸ்’, வானங்கள் ‘நெபெஸா’. ஒரு மொழிக்குள் மட்டும் நின்று சொல்லாராய்வதன் இடரை இந்த ஒரே வேறுபாடு உணர்த்திவிடுகிறது.

பால்டிக் மொழிகளின் தகரம்

ஸ்லாவியத்துக்கு மிக நெருங்கிய உறவுடைய பால்டிக் மொழிகளில் இச்சொல் ஒரு புதிருடன் காணப்படுகிறது. லித்துவேனியத்தில் முகில் ‘தெபெஸிஸ்’ எனப்படுகிறது. இங்கும் பகரம் மட்டுமன்றி முதலிலுள்ள தகரமும் ஒலிப்புடையது. லாட்வியத்தில் இதே சொல் வானத்தைக் குறிக்கிறது. ‘எபெஸ்’ என்னும் பகுதி ஸ்லாவிய அடியோடு ஒலிக்கு ஒலி ஒத்திருக்க, முதலெழுத்து மட்டும் நகரத்துக்குப் பதிலாகத் தகரமாக நிற்கிறது. இதற்கு இரண்டு விளக்கங்கள் கூறப்படுகின்றன. வானத்தைக் குறிக்கும் ‘தங்குஸ்’ என்னும் வேறொரு லித்துவேனியச் சொல்லின் முதலெழுத்து, பொருள் நெருக்கத்தால் இச்சொல்லையும் பற்றிக்கொண்டது என்பது ஒன்று. மூக்கொலியான நகரமும் இதழொலியான பகரமும் அருகருகே நின்றபோது மூக்கொலி தன் மூக்குத்தன்மையை இழந்தது என்பது மற்றொன்று. அனத்தோலியக் கிளையைச் சேர்ந்த லூவிய மொழியிலும் வானம் ‘தப்பஸ்’ என்று நகரம் இழந்து நிற்பது இரண்டாம் விளக்கத்துக்கு வலுவூட்டுகிறது. ஏனெனில் அங்கே ‘தங்குஸ்’ போன்ற சொல்லின் தாக்கத்தைத் துணைக்கு அழைக்காமலேயே அதே மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. எனினும் பால்டிக்கில் இரண்டு காரணங்களும் ஒருங்கே செயல்பட்டிருக்கத் தடையில்லை.

முகில் வானமான வழி

கிரேக்க ‘நெஃபொஸ்’ முகிலையே குறிக்கிறது. வேத மொழியின் ‘நபஸ்’ மூடுபனி, ஆவி, முகில் என்னும் பொருள்களில் வழங்கி, பிற்காலச் சமஸ்கிருதத்தில் வானம் என்னும் பொருளில் நிலைத்தது. ஹிட்டைட், அவெஸ்தா, ஸ்லாவியம் ஆகியவற்றில் வானம் என்பதே பொருள். ஆகவே ஈரம், மூடுபனி, முகில் என்பதே முதற்பொருள் என்றும், முகில் தங்கும் இடமாகிய வானம் அதிலிருந்து விரிந்த பொருள் என்றும் கொள்வதே பெரும்பான்மையோர் முடிவு. 1915இல் பெட்ரிஷ் ஹ்ரொஸ்னி ஹிட்டைட் மொழியைப் படித்தறிந்த பிறகு, வானம் என்னும் பொருள் கிறிஸ்துவுக்கு முற்பட்ட இரண்டாம் ஆயிரத்திலேயே இருந்தமை தெரியவந்தது. எனவே இரண்டு பொருள்களும் மிகப் பழையவை என்று கருதுவோரும் உளர். ஆனால் இந்த மாற்றம் தனித்தனி மொழிகளில் தானாகவும் நிகழக்கூடியது. ஆங்கிலத்தில் வானத்தைக் குறிக்கும் ‘ஸ்கை’ என்பது, பழைய நார்ஸ் மொழியில் முகில் என்று பொருள்பட்ட சொல்லிலிருந்து வந்தது. லித்துவேனியமும் லாட்வியமும் உடன்பிறந்த மொழிகளாயிருந்தும் ஒன்றில் முகிலாகவும் மற்றொன்றில் வானமாகவும் இச்சொல் பிரிந்தது, இம்மாற்றம் எவ்வளவு எளிதில் நிகழும் என்பதைக் காட்டுகிறது. ஆதலால் ஸ்லாவியத்துக்கும் ஈரானியத்துக்கும் இடையே பொருள் ஒன்றியிருப்பதை மட்டும் வைத்து, ஒன்று மற்றொன்றைப் பின்பற்றியது என்று முடிவுகட்ட இயலாது.

பழைய முகிற்சொல் வானத்துக்குச் சென்றபின் முகிலுக்குப் புதுச்சொல் வேண்டியிருந்தது. ‘சுற்றி’ எனப் பொருள்படும் *ஒப்- என்னும் முன்னொட்டும் ‘இழு’ எனப் பொருள்படும் வேரும் சேர்ந்து, ‘சுற்றி இழுத்துப் போர்த்துவது’ என்னும் பொருளில் *ஒப்வொல்கு என்னும் சொல் உருவாயிற்று. ரஷ்யத்தின் ‘ஒப்லாகொ’வும் செக்கின் ‘ஒப்லாக்’கும் அதன் வழிவந்தவை. மூடுபனிக்கு *மிக்லா என்னும் சொல் நின்றது. இது சமஸ்கிருதத்தின் ‘மேக’ என்பதோடு ஒரே வேரில் பிறந்தது. தமிழில் ‘மேகம்’ என்று நிலைத்ததும் அச்சொல்லே. ஸ்லாவியத்தில் பனி நிலத்திலேயே தங்கிவிட, இந்தியப் பக்கத்தில் அது முகிலாக மேலேறிவிட்டது.

உருபேற்கும் முறை

தொல் ஸ்லாவியப் பெயர்ச்சொல் ஒருமை, இருமை, பன்மை என்னும் மூன்று எண்களிலும் ஏழு வேற்றுமைகளிலும் உருபேற்றது. தமிழ் மரபின்படி எண்ணினால் ஐந்தாம் வேற்றுமை மட்டும் தனியே இல்லை. நீங்கற்பொருளை ஆறாம் வேற்றுமையே ஏற்றது. *நெபொ உருபேற்ற முறை இவ்வாறு மீட்டுருவாக்கப்படுகிறது:

ஒருமை: எழுவாய், இரண்டாம் வேற்றுமை, விளி – *நெபொ, மூன்றாம் வேற்றுமை – *நெபெஸிமி, நான்காம் வேற்றுமை – *நெபெஸி, ஆறாம் வேற்றுமை – *நெபெஸெ, ஏழாம் வேற்றுமை – *நெபெஸெ.

இருமை: எழுவாய், இரண்டாம் வேற்றுமை, விளி – *நெபெஸே, மூன்றாம், நான்காம் வேற்றுமைகள் – *நெபெஸிமா, ஆறாம், ஏழாம் வேற்றுமைகள் – *நெபெஸூ.

பன்மை: எழுவாய், இரண்டாம் வேற்றுமை, விளி – *நெபெஸா; மூன்றாம் வேற்றுமை – *நெபெஸீ; நான்காம் வேற்றுமை – *நெபெஸிமு; ஆறாம் வேற்றுமை – *நெபெஸு; ஏழாம் வேற்றுமை – *நெபெஸிஹு.

‘மரம்’ என்பது ‘மரத்தை’, ‘மரத்தில்’ என உருபேற்கையில் அத்துச் சாரியை பெறுவதை அறிந்த தமிழ் வாசகருக்கு, எழுவாய் ஒரு வடிவிலும் உருபேற்கும் அடி வேறொரு வடிவிலும் நிற்பது புதிதன்று. ஆனால் ஸ்லாவியத்தின் ‘எஸ்’ இடையில் வந்து சேர்ந்த சாரியை அன்று. எழுவாயிலும் அது *-ஒஸ் ஆக இருந்தது. தொல் ஸ்லாவியத்தில் எல்லா அசைகளும் உயிரில் முடிய வேண்டும் என்னும் போக்கு வலுப்பெற்றபோது சொல்லின் இறுதி மெய்கள் யாவும் விழுந்தன. அதனால் *நெபொஸ் என்பது *நெபொ ஆயிற்று. உருபின் முன்னால் நின்ற ஸகரமோ அடுத்து உயிர் இருந்தமையால் பிழைத்தது. எனவே பன்மையில் புதிதாகச் சேர்வதுபோலத் தோன்றும் அசை, உண்மையில் ஒருமை எழுவாய் இழந்துவிட்ட பகுதியே ஆகும்.

இந்த வேற்றுமை வரிசையில் பழையனவும் புதியனவும் கலந்துள்ளன. ஆறாம் வேற்றுமை *நெபெஸெ மூலமொழியின் *-எஸ் என்னும் உருபிலிருந்து வந்தது. கிரேக்கம் இவ்விடத்தில் *-ஒஸ் என்பதைக் காட்ட, ஸ்லாவியமும் இலத்தீனும் எகர வடிவத்தின் பக்கம் நிற்கின்றன. நான்காம் வேற்றுமையின் இறுதி இகரம் *-எய் என்னும் பழைய உருபின் திரிபு. சமஸ்கிருதத்தின் ‘நபஸே’ என்பதிலுள்ள ஏகாரமும் அதிலிருந்தே வந்தது. இவ்விரண்டும் மரபுவழிச் சொத்து. மாறாக, மூன்றாம் வேற்றுமை ஒருமையிலும், பன்மையின் நான்காம், ஏழாம் வேற்றுமைகளிலும் ஸகரத்தை அடுத்து வரும் குறுகிய இகரம், இகர ஈற்றுப் பெயர்களிடமிருந்து கடன் பெறப்பட்டது; மெய்யும் மெய்யும் மோதுவதைத் தவிர்க்க இது உதவிற்று. மூன்றாம் வேற்றுமைப் பன்மையான *நெபெஸீ என்பதன் இறுதி உயிர், இங்கே ஈகாரமாக எழுதப்பட்டாலும், நாவின் பின்பகுதியில் இதழ் குவியாமல் பிறப்பது. அது ஒகர ஈற்றுப் பெயர்களிலிருந்து வந்தது. நான்காம் வேற்றுமைப் பன்மையில் சமஸ்கிருதம் பகரம் கொண்ட உருபை ஆள, ஸ்லாவியமும் பால்டிக்கும் ஜெர்மானியமும் மகரம் கொண்ட உருபை ஆள்கின்றன. இம்மூன்று கிளைகளையும் பிணைக்கும் பழைய ஒற்றுமைகளுள் இது ஒன்று.

ஏழாம் வேற்றுமைப் பன்மையான *நெபெஸிஹு தனியே நோக்கத்தக்கது. இதன் உருபு மூலமொழியில் *-ஸு; சமஸ்கிருதமும் ‘ஸு’ என்றே ஆளும். ஸ்லாவியத்தில் இகரம், உகரம், ரகரம், ககரம் ஆகியவற்றை அடுத்து வந்த ஸகரம், அடுத்து ஒரு மெய் வராதபோது, தொண்டையை நோக்கிப் பின்வாங்கி ஹகரம் போன்ற உரசொலியாயிற்று; மற்ற உயிர்களை அடுத்து அது மாறவில்லை. *நெபெஸிஹு என்னும் ஒரே சொல்லில் இவ்விரண்டு விளைவுகளும் அருகருகே நிற்கின்றன: எகரத்தை அடுத்த முதல் ஸகரம் அப்படியே இருக்க, இகரத்தை அடுத்த இரண்டாம் ஸகரம் ஹகரமாகிவிட்டது. பழைய திருச்சபை ஸ்லாவியத்தில் குறுகிய இகரம் எகரமாக விரிந்து, இவ்வடிவம் ‘நெபெஸெஹு’ என்றும் காணப்படுகிறது. இயேசு கற்பித்த செபத்தின் தொடக்கத்தில் தந்தை இருக்கும் இடத்தைச் சொல்லும் சொல் இதுவே.

எழுவாயின் ஒகரச் சிக்கல்

மிக எளியதாகத் தோன்றும் எழுவாய் வடிவமே ஆய்வாளர்களிடையே மிகுந்த விவாதத்தை எழுப்பியது. ஓநாயைக் குறிக்கும் ஆண்பாற்சொல் மூலமொழியில் *-ஒஸ் என முடிந்தது. ஸ்லாவியத்தில் அதன் எழுவாய் குறுகிய உகரத்தில் முடிகிறது. *-ஒஸ் குறுகிய உகரமாக மாறுவதே விதியானால், *நெப்ஹொஸ் என்பது *நெபு என்றல்லவா ஆகியிருக்க வேண்டும்? இதற்கு ஒரு சாரார், *நெபொ உண்மையில் அவ்வாறே மாறவிருந்தது, ஆனால் ‘அது’ எனப் பொருள்படும் *தொ என்னும் சுட்டுப்பெயரின் ஒகரம் அதைக் காத்தது என்பர். மற்றொரு சாரார், *-ஒஸ் முறையாக ஒகரமாகவே மாறியது, ஆண்பாற்பெயர்களின் உகரம் இரண்டாம் வேற்றுமையிலிருந்து எழுவாய்க்கு வந்தது என்பர்.

இருசாராரும் ஏற்கும் செய்தி ஒன்று உண்டு. மூலமொழியின் *-ஒம் என்னும் ஈறு ஸ்லாவியத்தில் குறுகிய உகரமாயிற்று. கிரேக்கத்தில் ‘தோரொன்’ என மூன்றாம் பாலில் வழங்கும் ‘கொடை’ என்னும் சொல், ஸ்லாவியத்தில் *தாரு என ஆண்பாலாகிவிட்டது. அதன் ஈறு உகரமானதால் ஆண்பாற்சொற்களோடு கலந்ததே இதற்குக் காரணம் என்பர். அப்படியாயின் ‘நுகம்’ எனப் பொருள்படும் *இகொ போன்ற மூன்றாம்பாற் சொற்கள் உகரத்தில் முடியாமல் ஒகரத்தில் முடிவதற்கு வெளியிலிருந்து ஒரு மாதிரி தேவைப்படுகிறது. அம்மாதிரியைத் தந்தது சுட்டுப்பெயர் மட்டுமா, *நெபொ போன்ற ஸகர ஈற்றுப் பெயர்களுமா என்பதே வேறுபாடு. *நெபொவின் ஒகரம் விதிப்படி வந்தது எனக் கொண்டால், ஒரு சிறு வகுப்பின் ஈறு பெரிய வகுப்பு முழுவதற்கும் வடிவம் தந்தது என்றாகும். இறுதி மெய்கள் விழுந்த பொதுப்போக்கோடும் இது பொருந்துவதால் இந்த விளக்கமே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பெரிய வகுப்பே பின்னாளில் *நெபொவைத் தன்பால் இழுத்துக்கொண்டது.

அசையழுத்தம்

ஸ்லாவிய ஒப்பியலில் பெயர்கள் அழுத்தத்தின் அடிப்படையில் மூன்று வரிசைகளாகப் பிரிக்கப்படுகின்றன. *நெபொ அவற்றுள் அழுத்தம் இடம்பெயரும் மூன்றாம் வரிசையைச் சேர்ந்தது. 2008இல் லைடன் நகரில் வெளியான ரிக் டெர்க்சனின் ஸ்லாவிய வேர்ச்சொல் அகராதியும் அவ்வாறே வகுக்கிறது. ரஷ்யத்தில் ஒருமை ‘நெபொ’வில் அழுத்தம் முதலசையிலும், பன்மை ‘நெபெஸா’வில் இறுதியசையிலும் விழுகிறது, ‘வானத்துக்கு’ என்பதற்கு ‘நா நெபொ’ எனும்போது அழுத்தம் சொல்லைவிட்டே நீங்கி, முன்னிடைச்சொல்லாகிய ‘நா’வின்மேல் ஏறிவிடுகிறது. சொல்லுக்குச் சொந்தமான அழுத்தம் ஒருமையில் இல்லை என்பதே இதன் பொருள்.

பிரிந்த மொழிகளில் சொல்லின் போக்கு

பழைய திருச்சபை ஸ்லாவியத்தில் *நெபொ போலவே உருபேற்ற பெயர்கள் ஒரு கையளவே. ‘சொல்’ எனப் பொருள்படும் *ஸ்லொவொ மூலமொழியிலிருந்தே ஸகர ஈற்றுப் பெயராக வந்தது. கிரேக்கத்தின் ‘க்லெஒஸ்’, சமஸ்கிருதத்தின் ‘ச்ரவஸ்’ அதன் இனச்சொற்கள். உடல், வியப்பு, சக்கரம், மரம், கண், காது ஆகியவற்றின் பெயர்களும் இவ்வகுப்பில் இருந்தன. எழுவாயில் இவை ஒகர ஈற்றுப் பெயர்களைப் போலவே ஒலித்தமையால், மற்ற வேற்றுமைகளிலும் அவற்றைப் பின்பற்றத் தொடங்கின; பழைய ஏடுகளிலேயே ‘ஸ்லொவெஸெ’ என்பதற்குப் பக்கத்தில் ‘ஸ்லொவா’ என்னும் புதிய ஆறாம் வேற்றுமையும் காணப்படுகிறது. இன்று ரஷ்யம் ‘நெபா’ என்று ஆறாம் வேற்றுமையை ஆள்கிறது. இந்த ஆகார ஈறு மூலமொழியின் நீங்கற்பொருள் உருபிலிருந்து வந்தது என்பதால், *நெபெஸெ மறைந்து ‘நெபா’ நிலைத்தபோது, உண்மையான ஆறாம் வேற்றுமை உருபின் இடத்தைப் பழைய ஐந்தாம் வேற்றுமை உருபு பிடித்துக்கொண்டது எனலாம்.

ஒவ்வொரு மொழியும் பழைய அடியை வெவ்வேறு இடத்தில் காத்தது. சுலோவேனியம் உடலையும் மரத்தையும் குறிக்கும் பெயர்களில் ஒருமையிலும் ‘எஸ்’ஸை வைத்திருக்கிறது: ‘தெலொ’, ‘தெலெஸா’, ‘த்ரெவொ’, ‘த்ரெவெஸா’. ஆனால் வானத்துக்கு ஒருமையில் ‘நெபா’ என்றும் பன்மையில் மட்டும் ‘நெபெஸா’ என்றும் ஆள்கிறது. ரஷ்யம் சக்கரத்தின் பெயரில் உருபேற்கும் அடியையே எழுவாயாக்கி ‘கொலெஸொ’ என்று புதுச்சொல் படைத்தது. உடல், சொல், மரம் ஆகிய பெயர்கள் ரஷ்யத்தின் பொது வழக்கில் ‘எஸ்’ஸை இழந்தபோதிலும், ‘உடல்சார்ந்த’, ‘சொல்சார்ந்த’, ‘மரத்தாலான’ என்னும் பொருள்படும் ‘தெலெஸ்னிய்’, ‘ஸ்லொவெஸ்னிய்’, ‘த்ரெவெஸ்னிய்’ ஆகிய பெயரடைகளில் அது பத்திரமாக இருக்கிறது. ரஷ்யர் சீனாவைக் குறிக்க ஆளும் ‘பொத்நெபெஸ்னயா’, அதாவது ‘வானின் கீழுள்ளது’, என்னும் பெயரிலும் அதே அடி உண்டு.

வானத்தின் பன்மையில் மட்டும் பழைய வடிவம் ஏன் பல மொழிகளில் ஒருங்கே பிழைத்தது? விவிலியத்தின் எபிரேய மூலத்தில் வானம் என்னும் சொல் பன்மை வடிவினது. கிரேக்க மொழிபெயர்ப்பு அதைப் பலவிடங்களில் பன்மையாகவே தந்தது. ஸ்லாவிய மொழிபெயர்ப்பும் அதைப் பின்பற்றியது. ஆகவே கடவுளின் உறைவிடமாகிய வானம் வழிபாட்டில் நாள்தோறும் பன்மையில் ஒலித்தது. அன்றாடப் பேச்சில் ஒருமை புதிய வழியில் செல்ல, செபத்திலும் திருப்பாடலிலும் உறைந்த பன்மை பழைய வழியிலேயே நின்றது. இன்றும் ‘நெபெஸா’ என்பதற்குப் பல ஸ்லாவிய மொழிகளில் உயர்ந்த, சமயஞ்சார்ந்த தொனி உண்டு.

சமய மொழியின் தாக்கம் ரஷ்யத்தில் ஒலியிலும் தெரிகிறது. அழுத்தமுள்ள எகரம் வன்மையான மெய்க்குமுன் ‘யோ’ ஆவது ரஷ்ய விதி. அவ்விதிப்படி *நெபொ ‘ந்யோபொ’ ஆகியிருக்க வேண்டும். அவ்வடிவமும் இருக்கிறது, ஆனால் அது வாயின் மேற்பகுதியாகிய அண்ணத்தைக் குறிக்கிறது. வானத்தைக் குறிக்கும் சொல்லோ, தேவாலய உச்சரிப்பைப் பின்பற்றி எகரத்தோடு நின்றுவிட்டது. ஒரே சொல் உச்சரிப்பால் இரண்டாகப் பிரிந்து, ஒன்று வானத்துக்கும் மற்றொன்று அண்ணத்துக்கும் உரியதாயிற்று. போலந்து மொழி அண்ணத்தை ‘பொத்நியெபியெனியெ’ என, ‘வானின் கீழுள்ளது’ எனப் பொருள்பட அழைப்பதும் இங்கே ஒப்பிடத்தக்கது.

போலந்து மொழியில் இதையொத்த ஒலிவிதி வேறொரு விளைவைத் தந்தது. வன்மையான பல்லொலிக்குமுன் எகரம் ஒகரமாகும். அதனால் பன்மை ‘நியெபியோஸா’ என ஒகரம் பெற்றது. *நெபெஸிஸ்கு என்னும் பெயரடையில் ஸகரத்தை அடுத்துக் குறுகிய இகரம் இருந்தமையால் ஸகரம் மென்மையாக ஒலித்து எகரத்தைக் காத்தது; அதன் வழிவந்ததே ‘நியெபியெஸ்கி’. அந்த இகரம் பல நூற்றாண்டுகளுக்குமுன் மறைந்துவிட்டபோதிலும், அது அங்கே இருந்தது என்பதற்கு எகரம் இன்றும் சான்று கூறுகிறது. ‘வானத்துக்குரிய’ எனப் பொருள்பட்ட அப்பெயரடை, இன்று போலந்தில் நீல நிறத்தின் அன்றாடப் பெயராக வழங்குகிறது.

முடிவு

*நெபொவின் வரலாறு மூன்று முடிவுகளுக்கு இட்டுச்செல்கிறது. முதலாவது, ‘நெபெஸா’ விதிவிலக்கு அன்று. சமஸ்கிருதம் இழந்த உயிர்மாற்றையும் கிரேக்கம் இழந்த ஸகரத்தையும் ஒருங்கே காத்த பழைய விதியின் நேரடி வாரிசு அது. இரண்டாவது, இச்சொல்லின் வேற்றுமை வரிசை ஒரே காலத்தில் உருவானதன்று. மரபாக வந்த உருபுகளும் மற்ற வகுப்புகளிலிருந்து கடன் பெற்ற உருபுகளும் அதில் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. மூன்றாவது, உடுக்குறியிட்ட வடிவம் கற்பனையும் அன்று, ஐயத்துக்கு அப்பாற்பட்ட உண்மையும் அன்று. கிடைத்த சான்றுகள் அனைத்தையும் மிகக் குறைந்த விதிகளால் விளக்கும் கருதுகோள் அது. ஹிட்டைட் ஏடுகள் கண்டறியப்பட்டபோது பொருள் பற்றிய விவாதம் திருந்தியதுபோல, புதிய சான்று கிடைக்கும்போது அதுவும் திருந்தும். மொழிவரலாற்றைக் கற்க விரும்புவோர், இலக்கண நூல்கள் ‘புறனடை’ என்று ஒதுக்கிவைக்கும் வடிவங்களிலிருந்தே தொடங்க வேண்டும். ஒழுங்கான வடிவங்கள் மொழியின் இன்றைய நிலையைச் சொல்லும், அதன் பழைய நிலையைச் சொல்வன புறனடைகளே.